நாலாம் நம்பர் மிஷின்

— இல்ல மாமா, அதைத் தொடாதீங்கோ. நீங்க ஒண்ணையும் அழுத்தவே வேண்டாம். மிஷின் ஆன்ல இருக்கா, அதை மட்டும் சொல்லுங்கோ.

— ஆன்லதான் இருக்கும்மா மது. கப்பல் படம் வந்திருக்கு. நான் உன் நாற்காலில உக்காரவா, இல்ல நின்னுண்டே பேசவா?

— உக்காருங்கோ. கட்டுப் போட்டிருக்கறது என் காலுக்குத்தான், நாற்காலிக்கு இல்ல.

— பதினாறு வருஷமா எதிர் டேபிள்லேருந்து இதைப் பாத்துண்டிருக்கேன், ஒரு நாள் உக்காந்ததில்ல. இங்கேருந்து பாத்தா என் டேபிள் எவ்வளவு அலங்கோலமா இருக்குன்னு இப்பத்தான் தெரியறது.

— அதைத்தான் நான் தினம் பாத்துண்டு சாப்பிட்டேன். ஷோனோ, கேளுங்கோ மாமா, மணி பத்தே முக்கால். பன்னெண்டு மணிக்குள்ள துறைமுகத்துல நிக்கற அந்தக் கண்டெய்னரை வெளில எடுக்க பில் ஆஃப் என்ட்ரி போட்டு, கஸ்டம்ஸ் நம்பர் வாங்கிடணும். நான் ஜாதவ்பூர்ல கட்டில்ல உக்காந்துண்டு, கிடர்பூர் ஆஃபீஸ்ல நீங்க உக்காந்திருக்கற அந்த மிஷின்லேருந்து போடணும். முதலாளி சேன் ஸார் சொன்னது ஞாபகம் இருக்கோன்னோ?

— மறக்குமா. இன்னிக்கு வீட்டுலேருந்து போட்டுக் காமிச்சா உன் வேலை உன்னுது. இல்லைன்னா திங்கக்கிழமை இந்த நாற்காலில வேற ஆள்.

— மெட்ரோ படில வழுக்கினதுக்கு ஆறு வாரம் கட்டு. ஆறு வாரம் காத்துண்டிருக்க மாட்டேன்னுட்டார். போன வாரம் வரைக்கும், வீட்டுலேருந்து சமையல்தான் பண்ணலாம், கஸ்டம்ஸ் வேலை பண்ண முடியாதுன்னு சொல்லிண்டிருந்த மனுஷர். நீங்க என்ன பேசி அவரை வழிக்குக் கொண்டு வந்தேளோ.

— பேச வேண்டியதைப் பேசினேன். நீ விஷயத்துக்கு வா.

— விஷயம் ரொம்பச் சுலபம். அரை மணில முடிச்சுட்டு, நீங்க டீக்கடைல சா குடிக்கப் போகலாம்.

— அதாவது என்னன்னா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மிஷின் இங்க இருக்கு, நீ அங்க இருக்கே. இதுல இருக்கறதெல்லாம் உங்காத்துக்கு வந்துடுமா? வந்துட்டா இங்க என்ன மிச்சம் இருக்கும்?

— ஒண்ணும் வராது மாமா. திரையோட படம் மட்டும் இங்க வரும். நான் இங்க விரலால தட்டறது, மவுஸை நகத்தறது, அது மட்டும் அங்க போகும். வேலை முழுக்க அந்த மிஷினே அங்கேயே பண்ணும். ஒரு ஃபைல்கூட ஆஃபீஸை விட்டு நகராது.

— படம் வரும், தட்டு போகும்.

— அவ்வளவேதான். காளிகாட்ல உங்காத்து எதிர் மாடில போஸ் மாமி கயித்துல பையைக் கட்டி இறக்குவாளே, கீழ காய்கறிக்காரர் கத்திரிக்காய் போட்டு அனுப்புவாரே. மாமி மாடியை விட்டு இறங்கறதில்ல, கடையும் மாடி ஏறறதில்ல. பை மட்டும் போய்ட்டுப் போய்ட்டு வரது.

— அந்தப் பைல போன வாரம் ஒரு பூனை ஏறி மேல போயிடுத்து. தெருவே சிரிச்சுது.

— நம்ம பைல பூனை ஏறாது. பாஸ்வேர்டு இருக்கு.

— உன் லேப்டாப்லேயே நேரா அந்த பில்லைப் போட்டா என்ன? எதுக்கு இந்தச் சுத்து வழி?

— அந்த ப்ரோகிராம் அந்த ஒரு மிஷின்லதான் இருக்கு. சேன் ஸார் ஒரே ஒரு லைசென்ஸ்தான் வாங்கினார், அதுவும் நீங்க மூணு மாசம் சொல்லிச் சொல்லி.

— நாலு மாசம்.

— சரி, இப்ப முதல் கதவு. ஆஃபீஸுக்குள்ள நுழையறதுக்கு கம்ப்யூட்டர் பாத்துக்கற ரமேஷ்பாபு ஒரு தனி வழி போட்டுக் குடுத்திருக்கார். நேத்திக்கு எங்காத்துக்கே வந்து என் லேப்டாப்ல ஏத்திட்டுப் போனார். நெட்லதான் போறேன், ஆனா நடுவுல யாரும் எட்டிப் பாக்க முடியாது. இதோ, பச்சை விளக்கு வந்துடுத்து. இப்ப நான் ஆஃபீஸ் கூடத்துல நிக்கறேன்னு வெச்சுக்கோங்கோ. ஒம்பது மிஷின் இருக்கு. எதுகிட்ட போகணும்னு பேர் சொல்லணும்.

— மிஷினுக்கெல்லாம் பேரா?

— ரமேஷ்பாபு மானிட்டர் தலைல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாரே. அவர் ஒட்டினப்போ நான் ஆஸ்பத்திரில இருந்தேன், என்னுது எந்த நம்பர்னு எனக்குத் தெரியாது. நேத்திக்கும் பர்த்வான் ரயிலைப் பிடிக்கற அவசரத்துல சொல்லாம ஓடிட்டார். இப்ப ஃபோன் எடுக்க மாட்டேங்கறார். தங்கை கல்யாணம், சங்கு ஊதிண்டிருப்பா, காதுல விழாது.

— இரு, கண்ணாடி போட்டுக்கறேன். இதோ இருக்கு. கே.பி., ஒரு சின்னக் கோடு, எட்டு.

— கே.பி. எட்டு. யூஸர் பேர் எல்லாத்துக்கும் ஆஃபீஸ்தான். பாஸ்வேர்டும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அப்படி வெக்காதீங்கோ ரமேஷ்பாபுன்னு நூறு தடவை சொல்லியாச்சு, சிரிச்சுண்டே போயிடுவார். மாமா, இன்னொண்ணு. நான் உள்ள வந்ததும் உங்க பக்கம் திரை பூட்டிக்கும். பயந்துடாதீங்கோ.

— பூட்டிக்குமா? நான் இங்க உக்காந்திருக்கச்சேயேவா?

— ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் இடம். நான் உள்ள வந்தா அங்க உக்காந்திருக்கறவர் வெளில.

— ரெண்டு பேருக்கு இடமே கிடையாதா?

— வேற விதத்துல உண்டு. ரமேஷ்பாபு போட்டிருக்கற இந்த விதத்துல கிடையாது.

— சரி. நீ வா.

— ஹோயே கெச்சே, ஆயிடுத்து. வந்துட்டேன் மாமா. அதே கப்பல் படம், அதே கடிகாரம். கட்டில்லேருந்து கிடர்பூருக்கு நாலு செகண்டு. சொன்னேனா இல்லியா?

— இங்க ஒண்ணும் பூட்டிக்கலியே.

— பூட்டிக்கும், கொஞ்சம் பொறுங்கோ. யாரோ ஒரு லெட்டரைத் திறந்து அப்படியே விட்டுட்டுப் போயிருக்கா. அதைச் சுருக்கி ஓரமா வெக்கறேன். என்ன இது, என் ப்ரோகிராமைக் காணோம். மாமா, நீங்க ஏதாவது தொட்டேளா?

— ரெண்டு கையையும் மடில வெச்சுண்டு உக்காந்திருக்கேன். கப்பல் அப்படியே நிக்கறது. பூட்டவும் இல்ல, அசையவும் இல்ல.

— நான் அம்பை வெச்சுண்டு திரை முழுக்கச் சுத்திண்டிருக்கேனே.

— இங்க அது ஒரு மூலைல தூங்கிண்டிருக்கு. இரு இரு. கேபின்ல சேன் ஸார் கத்தறார்.

— எதுக்கு?

— ‘ஆமார் மெஷின் லாக் ஹோயே கெலோ’ங்கறார். அவர் மிஷின் தன்னால பூட்டிண்டுடுத்தாம். பாஸ்வேர்டு என்னன்னு கேக்கறார். அவர் என்னிக்கு பாஸ்வேர்டு போட்டார், ரமேஷ்பாபுதான் திறந்து குடுப்பார்.

— மாமா, அந்த ஸ்டிக்கரை இன்னொரு தடவை பாருங்கோ.

— பாத்தாச்சு. கே.பி. எட்டு. வட்டத்து மேல வட்டம், இதுல என்ன சந்தேகம்?

— அந்த நம்பர் இங்கிலீஷா, பெங்காலியா?

— கே.பி. இங்கிலீஷ்லதான் எழுதியிருக்கார்.

— நம்பர், மாமா. நம்பர்.

— சே, பெங்காலி. நாலு. பெங்காலில வட்டத்து மேல வட்டம் போட்டா நாலு, மது. எழுத்தை இங்கிலீஷ்ல எழுதிட்டு நம்பரை மட்டும் பெங்காலில எழுதுவாரா ஒரு மனுஷர்? அம்பத்தொம்பது வருஷமா இந்த ஊர் பஸ்ல ஏறி இறங்கறேன், நாலை எட்டுன்னு நினைச்சு ஏறினதே கிடையாது.

— பஸ்ல எழுத்தும் பெங்காலில இருக்கும், அதனால தப்பிச்சேள். நானும் ரெண்டாம் கிளாஸ்ல இதே நாலை எட்டுன்னு படிச்சுக் கணக்கு டீச்சர்கிட்ட வாங்கினது இன்னும் வலிக்கறது. அது போகட்டும், நிஜமான எட்டு யாருது?

— ஸாரோடது.

— அப்ப நான் இப்ப சேன் ஸார் மிஷினுக்குள்ள உக்காந்திருக்கேன்.

— வெளில வா மது. உடனே வா. எதையும் பாக்காதே.

— நான் எதைப் பாத்தேன், திறந்திருந்த லெட்டரைத்தான் ஓரமா...

— அதையும் பாக்காதே. அடுத்தவா மேஜைல இருக்கற காகிதத்தைப் படிக்கப்படாது.

— ஸார் அங்க நிக்கறாரா?

— இல்ல, கோவத்துல படி இறங்கிப் போயாச்சு. ரமேஷ்பாபுவுக்கு ஃபோன் போட்டுண்டே போறார். சா கடைல மண் குவளைல ரெண்டு பாண்ட் குடிக்காம மேல வர மாட்டார். நீ வெளில வந்துட்டியா? மது, லைன்ல இருக்கியா?

— இருக்கேன்.

— வந்துட்டியான்னு கேட்டேன்.

— கே.பி. நாலு. போட்டுட்டேன். உங்க திரை?

— ஆங், பூட்டிண்டுடுத்து. கப்பல் போச்சு, மணி மட்டும் பெரிசா நிக்கறது. பதினொண்ணு ஆறு. இப்ப சரியான பஸ்தானே?

— சரியான பஸ்தான். என் ப்ரோகிராம் இருக்கு. நீங்க ஸ்கேன் பண்ணி வெச்ச பேப்பரெல்லாம் இருக்கு.

— பின்ன என்ன, ஆரம்பி. இன்வாய்ஸைக் கைல வெச்சுண்டிருக்கேன். தையல் மிஷின் பாகங்கள், நூத்திப் பன்னெண்டு பெட்டி. படிக்கவா? மது?

— மாமா, இது சரிப்பட்டு வராதுன்னு ஸார்கிட்ட சொல்லிடுங்கோளேன்.

— என்னது?

— லைன் நன்னா இல்ல. படம் விட்டு விட்டு வரது. மேஜைல ஆள் இல்லாம இந்த வேலை நடக்காதுன்னு சொல்லிடுங்கோ.

— இப்பத்தான் நாலு செகண்டுன்னு பெருமை அடிச்சுண்டே. பதினாறு வருஷத்துல முடியாதுன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்ல. போன பூஜை சமயத்துல சர்வர் படுத்தப்போ, கைப்பட எழுதிண்டு கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடந்தே போனவ நீ. அங்க என்ன பாத்தே?

— ஒண்ணும் இல்ல.

— மது.

— லெட்டர் உங்க பேருக்கு மாமா.

— படிச்சியா?

— சுருக்கறச்சே உங்க பேர் கண்ணுல பட்டுது. பட்டப்புறம் எப்படிப் படிக்காம இருப்பேன்? டியர் மிஸ்டர் சங்கரன்னு ஆரம்பிக்கறது. டாக்குமெண்ட் வேலையை இனிமே வீட்டுலேருந்து ஒருத்தரே பாத்துக்க முடியும்கறதால, ஒண்ணாம் தேதிலேருந்து உங்களை வேலைலேருந்து விடுவிக்கறாராம். ‘தங்கள் விருப்பத்தின் பேரில்’னு வேற ஒரு வரி. துரத்தறதுல என்ன நாசூக்கு பாருங்கோ.

— நன்னா எழுதியிருக்கா?

— இது என்ன கேள்வி?

— இல்ல, மரியாதையா எழுதியிருக்கான்னு கேட்டேன்.

— மரியாதைக்கெல்லாம் குறைச்சல் இல்ல. முப்பத்தொரு வருஷம், ஒரு பில் திரும்பி வந்ததில்ல, அது இதுன்னு பெரிசா எழுதியிருக்கு. ஷோனோ மாமா, அந்த ஒருத்தர் நான்தான். நான் இந்த பில்லைப் போட்டுக் காமிச்சேன்னா அவர் மேல வந்து அதுல கையெழுத்துப் போடுவார். உங்களை என் நாற்காலில உக்கார வெச்சு, உங்க வாயாலேயே இன்வாய்ஸைப் படிக்க வெச்சு, உங்களை வெளில அனுப்பணுமா நான்? என்னால முடியாது. நீங்க இல்லாத அந்த டேபிளை என்னால நினைச்சே பாக்க முடியல.

— போடாட்டா உன் வேலை போகும்.

— போகட்டும். கிடர்பூர்ல இந்த ஒரு கம்பெனிதானா இருக்கு?

— ஒடிஞ்ச காலை வெச்சுண்டு எந்தக் கம்பெனிப் படி ஏறுவே? உன் பொண்ணு பாப்பாவுக்கு இந்த வருஷம் பன்னெண்டாம் கிளாஸ். அவ அப்பா போனப்புறம் அந்தாத்துல வேலைக்குப் போறது நீ ஒருத்திதான். உனக்கு வீம்பு பண்ண வசதி இல்ல.

— உங்களுக்கு மட்டும்? ஞாயித்துக்கிழமைகூட நடந்து வந்து, ஆஃபீஸ் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பாத்துட்டுப் போறவர் நீங்க. ஆத்துல உக்காந்து என்ன பண்ணப் போறேள்?

— என் ஆத்துக்காரி அன்னத்துக்கு சந்தோஷமா இருக்கும்.

— பொய்.

— பாதி பொய். இதோ பாரு மது, பதினொண்ணே கால் ஆயிடுத்து. நூத்திப் பன்னெண்டு பெட்டி டாக்ல நிக்கறது. அது உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல, சேன் ஸாரோடதும் இல்ல. யாரோ ஒருத்தர் நம்மளை நம்பிப் பேப்பரைக் குடுத்துட்டு உக்காந்திருக்கார். முதல்ல அதை முடி. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்.

— முடிச்சப்புறம் பேச என்ன இருக்கு?

— இருக்கு. சொல்றேன். நான் படிக்கறேன், நீ போடு. கண்டெய்னர் நம்பர், நாலு ஒண்ணு ஒண்ணு எட்டு...

— இது எந்த நாலு?

— அச்சடிச்ச இங்கிலீஷ் நாலு. கண்ணைத் துடைச்சுண்டாச்சா?

— நான் ஒண்ணும் அழலை. மேல சொல்லுங்கோ.

— ரெண்டு ஒம்பது ஆறு. பெட்டி நூத்திப் பன்னெண்டு. துறைமுகம் நம்மளுது.

— எடை பதினாலாயிரத்து இருநூறு. இங்க ஸ்கேன்ல தெரியறது.

— அது பெட்டி மரத்தோட சேத்து. அதுக்குக் கீழ, ரப்பர் ஸ்டாம்பு மறைச்சிருக்கும் பாரு. பன்னெண்டாயிரத்து எழுநூறு.

— ஸ்கேன்ல அந்த இடம் கறுப்பா இருக்கு, எனக்குத் தெரியல. நீங்க இல்லைன்னா தப்பாப் போட்டிருப்பேன்.

— போட்டிருக்க மாட்டே. ரெண்டாம் தடவை சரி பாக்கறப்போ இடிச்சிருக்கும், எனக்கு ஃபோன் பண்ணியிருப்பே. உன் கை எனக்குத் தெரியாதா. மூணாம் பக்கம் போ.

— போயாச்சு. வகை, நம்பர், நாடு. எல்லாம் ஏறிடுத்து. ஒரு தரம் மேலேருந்து கீழ பாத்துடறேன். சரி. சரி. இதுவும் சரி. மாமா, அனுப்பற பட்டன்ல அம்பை வெச்சுண்டிருக்கேன். தட்ட மனசு வரலை.

— மனசெல்லாம் இங்க வராது, தட்டுதான் வரும். தட்டு.

— தட்டிட்டேன். சுத்தறது. இன்னும் சுத்தறது. வந்துடுத்து மாமா, கஸ்டம்ஸ் நம்பர் வந்துடுத்து. பதினொண்ணு முப்பத்தெட்டு.

— பாத்தியா. இருபத்திரண்டு நிமிஷம் மிச்சம். நீ நேர்ல வந்து போட்டாலே பன்னெண்டடிக்க ரெண்டு நிமிஷம்னு கொண்டு நிறுத்துவே.

— ஸார் மேல வந்துட்டாரா?

— ஜன்னல்லேருந்து தெரியறது. இன்னும் சா கடைலதான். ரெண்டாவது பாண்ட்.

— அப்படின்னா கேளுங்கோ. எட்டை நான் மூடவே இல்ல. இங்க ரெண்டு ஜன்னலா வெச்சிருக்கேன், ஒண்ணுல நாலு, ஒண்ணுல எட்டு. அவர் படி ஏறி வரதுக்குள்ள அந்த லெட்டரை அழிச்சுட்டு, நானே அவர்கிட்ட ஃபோன்ல பேசறேன்.

— என்னன்னு பேசுவே?

— இருபத்திரண்டு நிமிஷம் முன்னாடி முடிச்சோமே, அது எப்படின்னு பேசுவேன். ரப்பர் ஸ்டாம்புக்கு அடில இருக்கற எடை எந்த ஸ்கேன்லயும் வராது, பேப்பரைக் கைல வெச்சுண்டு ஒருத்தர் அங்க உக்காந்திருந்தாதான் வரும்னு சொல்வேன். வீட்டுல ஒருத்தர், மேஜைல ஒருத்தர், ரெண்டும் வேணும்னு சொல்வேன். இன்னிக்கு அவர் என் பேச்சைக் கேட்டுத்தான் ஆகணும். நம்பர் என் கைல இருக்கு. ஜெயிச்சுக் காமிக்கறேன், பாருங்கோ.

— ஜெயிப்பே. அதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

— அப்ப அழிச்சுடறேன்.

— அந்த லெட்டர் இப்ப உன் முன்னாடி திறந்திருக்கா?

— முழுசா விரிச்சு வெச்சிருக்கேன். கீழ அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

— அழிக்காதே மது. மூணாவது வரில, முப்பத்தொரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு கமா வரணும். காலம்பற நானே ஸார் சீட்ல உக்காந்து டைப் அடிக்கறச்சே விட்டுப்போச்சு, அதைப் போட்டுட்டு மூடு.